உனக்கு எது மேல பைத்தியம்?

ஏலகிரி முகாமில் கஷ்டமான நேரம் எது என்று கேட்டால் பலரும் மலையேற்றத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் கயிற்றுப் பாலத்தை. என்னைக் கேட்டால் சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை என்பேன். பகலெல்லாம் ஓட்டமும் கூச்சலுமாக இருந்த பிள்ளை, விளக்குப் போடுகிற நேரத்தில் திடீரென்று அமைதியாகிவிடும். தட்டில் சப்பாத்தி அப்படியே இருக்கும். "வயிறு வலிக்குது அக்கா" என்று வந்து நிற்கும். வயிற்றில் ஒன்றும் இருக்காது, வீட்டு ஞாபகம்தான். முதல் இரண்டு ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பிள்ளை ஊருக்குக் கிளம்பும்போதுதான் அழும்.

நான் குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். மே மாதம் வந்தால் ஏலகிரிக்குப் போய்விடுவேன், கோடை முகாமில் அக்காவாக. பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள் வருவார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற மலை என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியதும் வேன் நிற்கும். மேலே போகிற வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழே இருக்கிற வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர், மேலே போகப் போக பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயர். ஒவ்வொரு வளைவிலும் பலகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு வாந்தி வருவது குறைவு, அதற்காகத்தான்.

மேலே போனதும் கைப்பேசிகளை வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். முகாம் முடியும் வரை அவ்வளவுதான். வீட்டுக்குச் சேதி சொல்ல ஆளுக்கு ஒரு தபால் அட்டை கொடுப்போம், 50 பைசா அட்டை. அம்மாவின் நம்பரைத் தலைகீழாகச் சொல்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொந்த வீட்டு முகவரியும் பின்கோடும் தெரியாது. பதிவுப் படிவத்தைப் பார்த்து நாங்கள்தான் எழுதித் தருவோம்.

அந்தச் சாயங்கால நேரத்துக்கு என்னிடம் இருக்கிற ஒரே மருந்து ஒரு கேள்வி. புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறேன். அழுகிற பிள்ளையிடம் "எந்த ஊரு, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க" என்று கேட்காதீர்கள். அது அழுகையை இன்னும் இழுத்துவிடும். "உனக்கு எது மேல பைத்தியம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிஜமாகவே உட்கார்ந்து கேளுங்கள். தலையாட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இதில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது 2023 மே மாதம், கடைசி பேட்சில். பிள்ளைகள் வந்து இறங்கிய நாள் மே 21, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூட இருந்த அண்ணன்கள் வீட்டு ஏக்கம் என்றார்கள், ஒரு போன் போட்டுக் கொடுத்துவிடலாமா என்றும் பேச்சு வந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "இன்னைக்கு மேட்ச் அக்கா" என்றான். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி நாள் அது. மதியம் மும்பை ஜெயித்துவிட்டதால், ராத்திரி குஜராத்தை பெங்களூரு ஜெயித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வெளியே. சின்னசாமி மைதானத்தில் மழை வேறு. இந்த நிலவரமெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைப்பேசியைக் கொடுத்துவிட்டு மலையில் உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களில் எத்தனை பேரால் இது முடியும்? "நான் பார்த்துட்டுக் காலைல சொல்றேன்" என்றேன். "தோத்தாலும் சொல்லணும், முழுசா சொல்லணும்" என்று கையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டான். அப்புறம் எழுந்துபோய் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டான்.

காலை ஐந்தே முக்காலுக்கு விசில் அடிக்க வெளியே வந்தால், பல் விளக்கி முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். முடிவை முதலில் சொல்லக் கூடாது என்று ராத்திரியே தீர்மானித்திருந்தேன். ஆட்டத்தை அது நடந்த வரிசையிலேயே சொன்னேன். மழையால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது, டூ ப்ளெஸ்ஸி கொடுத்த தொடக்கம், கோலி 61 பந்தில் 101, ஐபிஎல்லில் அவருக்கு அது 7வது சதம், அதுவரை வேறு யாரும் அத்தனை அடித்ததில்லை. அவன் முகம் மலர்ந்தது. பெங்களூரு 197. அப்புறம் ஷுப்மன் கில் வந்தார், 52 பந்தில் 104, ஆட்டமிழக்கவில்லை. ஐந்து பந்து மீதி இருக்கும்போது குஜராத் 6 விக்கெட்டில் ஜெயித்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கோலி நாட் அவுட்டா?" என்றான்.

"நாட் அவுட்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சி வாங்கப் போனான். அன்று கயிற்றுப் பாலத்துக்கு முதலில் ஹார்னஸ் மாட்டிக்கொண்டதும் அவன்தான்.

நான் சென்னை அணியின் ரசிகை. பள்ளிக்கூடம் படிக்கும்போது தொடங்கியது, முக்கியமாக ரெய்னாவுக்காக. 2022 ஐபிஎல் ஏலத்தில் ரெய்னாவை யாரும் எடுக்கவில்லை என்று செய்தி வந்த அன்று வீட்டில் யாரிடமும் பேச முடியாமல் மொட்டை மாடியில் போய் நின்றேன். எனக்கு அப்போது வேலை, சம்பளம், பொறுப்பு எல்லாம் இருந்தது. அப்படியும் வலித்தது. பன்னிரண்டு வயதில் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதே பேட்சில் திருப்பூரிலிருந்து ஒரு பெண். கையில் ஊதா நிறத்தில் ரப்பர் பேண்ட், பையில் ஊதா ரிப்பன், பேச்சே கிடையாது. பிடிஎஸ் என்கிற தென்கொரியப் பாட்டுக்குழுவின் ரசிகை, அந்த ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற பெயரில் சொன்னால் ஆர்மி. அந்தக் குழுவில் மூத்தவர் ஜின் 2022 டிசம்பரில் ராணுவச் சேவைக்குப் போய்விட்டார், 2023 ஏப்ரலில் ஜே-ஹோப்பும் போய்விட்டார். தென்கொரியாவில் ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சேவை அது, தரைப்படை என்றால் 18 மாதம். ஏழு பேரும் மறுபடி ஒன்றாக மேடை ஏற எவ்வளவு காலம் ஆகும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். எங்கள் டார்மிட்டரியில் அதைச் சொல்ல அவளுக்குப் பயம், ஏனென்றால் அவள் பள்ளியில் இதற்காகக் கேலி செய்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. ஒரு பையன் கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமாக ஒப்பித்தால் "என்ன ஞாபக சக்தி" என்கிறோம். ஒரு பெண் ஒரு பாட்டுக்குழுவைப் பற்றி அதே அளவு தெரிந்து வைத்திருந்தால் "படிப்புல இந்த அக்கறை இருந்தா" என்று தொடங்கிவிடுகிறோம். இந்தப் பெண் யாரும் சொல்லித்தராமல் கொரிய எழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டிருந்தாள். பாட்டு வரிகளைத் தானே வாசிக்க வேண்டும் என்கிற ஒரே ஆசையில்! மூன்றாம் நாள் மத்தியான ஓய்வு நேரத்தில் என் பெயரை எழுதித் தரச் சொன்னேன். எழுதினாள். பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள், "எனக்கும்" என்றாள். சாயங்காலம் சுண்டல் நேரத்துக்குள் டார்மிட்டரியில் எல்லாக் கட்டில் கம்பியிலும் கொரிய எழுத்தில் பெயர்ச் சீட்டு தொங்கியது. கலைநிகழ்ச்சி ராத்திரிக்கு அவளே எட்டுப் பேரைச் சேர்த்து நடனம் சொல்லிக்கொடுத்தாள். கை நீட்டல் ஒரே கோணத்தில் வரவில்லையென்றால் விடவே மாட்டாள். நான் ஒரு வருடம் முழுக்க வகுப்பில் கத்தியும் கிடைக்காத ஒழுங்கு அவள் சொன்னால் அரை மணி நேரத்தில் வந்தது.

மற்றபடி முகாம் என்பது பெரும்பாலும் தலை எண்ணுகிற வேலை. டார்மிட்டரியிலிருந்து சாப்பாட்டுக் கூடம், எண்ணு. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மைதானம், எண்ணு. ஏலகிரியில் இருக்கிற சுவாமிமலை உச்சிக்கு ஏறும்போது பாதி வழியில் ஒருதடவை, உச்சியில் ஒருதடவை, இறங்கியதும் ஒருதடவை. ஹார்னஸ் பட்டையை மாட்டினவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவராக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் நிரம்பியிருக்கிறதா, தொப்பி இருக்கிறதா, காலில் கொப்புளமா. மலை என்றாலும் சுமார் 1,100 மீட்டர்தான், மே மாத மத்தியானம் நன்றாகவே காயும். நாலு மணிக்கு மேல் இடியோடு கோடை மழை வந்தால் கயிறு விளையாட்டு எல்லாம் நிறுத்தம். பலாப்பழ சீசன் என்பதால் சமையல்கார அண்ணன் ஒருநாள் பழம் வெட்டுவார், அன்று எண்ணெய் தடவாமல் கை வைத்த பிள்ளைகளைக் கழுவிவிடுவது தனி வேலை.

ராத்திரி வானம் மட்டும் என் பொறுப்பு. அந்த மே மாதக் கடைசியில் மேற்கே வெள்ளி அப்படிப் பிரகாசமாக இருந்தது, கொஞ்சம் மேலே செவ்வாய். தலைக்கு மேல் சுவாதி, தெற்கே சித்திரை. "இது என் நட்சத்திரம்" என்று ஒரு பிள்ளை கத்தும். ஜாதகத்தில் எழுதியிருக்கிற பெயர் நிஜமாகவே வானத்தில் இருக்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986இல் திறந்தது. அதைச் சொன்னபோது வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "அக்கா, 29ஆம் தேதி காலைல ஜிஎஸ்எல்வி" என்றாள். வந்த நாளிலிருந்து யாராவது இதைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறாள்.

அந்த மே 29 மாதிரி ஒருநாள் எனக்கு மறுபடி வாய்க்குமா தெரியவில்லை. காலை 10.42க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்12 ராக்கெட் கிளம்ப வேண்டும், என்விஎஸ்-01 என்கிற வழிகாட்டும் செயற்கைக்கோளோடு, எடை 2,232 கிலோ. எங்கள் இடத்தில் சிக்னல் ஓரளவு கிடைப்பது மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல்படியில் மட்டும்தான். நான் அங்கே நின்று நேரம் சொல்ல, அந்தப் பெண் மைதானத்தில் நின்று எல்லாருக்கும் விளக்கினாள். முதல்முறையாக இந்தியாவிலேயே செய்த ருபிடியம் அணுக்கடிகாரம் இதில் போகிறது. கடிகாரம் எதற்கு? சிக்னல் வந்து சேர ஆன நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கண்டுபிடிக்கிறோம், ஒளி ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர் போகும், கடிகாரம் ஒரு மைக்ரோவினாடி தப்பினால் 300 மீட்டர் தப்பிவிடும். "அப்ப நம்ம முகாமுக்கு வர்ற வேன் ஏரியில போய் இறங்கும்" என்றாள். புங்கனூர் ஏரி அந்தத் தூரத்தில் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பதினெட்டு நிமிடம் கழித்துச் செயற்கைக்கோள் பிரிந்தது என்று நான் மேலேயிருந்து கத்தியபோது சமையல் கட்டிலிருந்துகூடக் கைதட்டல் வந்தது.

அன்று ராத்திரிதான் ஐபிஎல் இறுதிப் போட்டி, சென்னைக்கும் குஜராத்துக்கும். முதல்நாள் ஆமதாபாத்தில் கொட்டிய மழையால் ஒருநாள் தள்ளிப்போயிருந்தது. முகாமின் கடைசி ராத்திரி என்பதால் பெரிய பிள்ளைகள் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் விழித்திருக்கலாம் என்று பொறுப்பாளர் அனுமதித்தார். டிவி கிடையாது. என் கைப்பேசியில் ஒவ்வொரு பந்துக்கும் எழுத்தில் வருகிற வர்ணனை, அதுவும் அந்த மேல்படியில் மட்டும். படியிலிருந்து கத்தினால் கூடத்துக்குக் கேட்காது. நடுவில் நின்று வாங்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "நான் நிக்கறேன் அக்கா, நான்தான் நியூட்ரல்" என்று வந்தான் பெங்களூருப் பையன். தன் அணி வெளியேறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த வருடப் பிளே ஆஃப் ஆட்டங்களில் ரன் வராத பந்து ஒவ்வொன்றுக்கும் 500 மரக்கன்று நடுவதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்திருந்தது. ஆகவே டாட் பால் வந்தால் அவன் "மரம்!" என்று கத்துவான், கூடமே திருப்பிக் கத்தும். குஜராத் ஆடும்போது மரம் அதிகம் கிடைக்கவில்லை. நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார், மொத்தம் 214. யாருக்குச் சந்தோஷப்படுவது என்று எங்களுக்கே குழப்பம். சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. பிள்ளைகள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனார்கள். 12.10க்கு ஆட்டம் தொடங்கியதும் அவனே போய் ஒவ்வொருவரையும் உலுக்கி எழுப்பினான். 15 ஓவரில் 171.

கான்வே 47, ரஹானே 27, ராயுடு 8 பந்தில் 19. அடுத்த பந்து தோனி. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முதல் பந்திலேயே அவுட் என்று திரையில் வந்தது. நான் கத்தவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் படித்துவிட்டான். திரும்பி, குரலைத் தணித்து, "தோனி அவுட், கேட்ச். ஆனா இன்னும் துபே இருக்காரு, ஜடேஜா வர்றாரு" என்று சேர்த்துச் சொன்னான். கெட்ட சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி ஓவரில் 13 வேண்டும். மோகித் சர்மா முதல் நாலு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். இரண்டு பந்தில் 10. திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, எங்களுக்கு ஒவ்வொரு பந்தும் ஒரு யுகம். "சிக்ஸ்!" அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. நான் இன்னும் ஒரு படி மேலே ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தேன். நாலு. ஜடேஜா. ஐந்தாவது கோப்பை. நான் அவனிடம் சொல்லக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்தே "ஃபோர்! ஃபோர்! சிஎஸ்கே!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினான். மஞ்சள் துண்டு போட்டிருந்த பிள்ளைகள் அவனைத்தான் தூக்கினார்கள். அப்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது. சமையல்கார அண்ணன் எழுந்து வந்து எல்லாருக்கும் பால் காய்ச்சிக் கொடுத்தார்.

2025 ஜூன் 3 அன்று அதே ஆமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து பெங்களூரு முதல் கோப்பையை எடுத்தபோது, ஆட்டம் முடியும் முன்பே கோலி கண் கலங்கியதைப் பார்த்து நானும் அழுதேன். அவனை நினைத்துத்தான். மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைக் கை நடுங்கப் படித்தேன். பிள்ளைகளின் நம்பரை நாங்கள் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முகாம் விதி, நல்ல விதி. அதனால் ஆபீஸில் சொல்லி அவன் வீட்டுக்குப் பேசச் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தான், பத்திரமாக இருக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்களாம். அன்று ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இப்போது எங்கள் பதிவுப் படிவத்தில் ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: உனக்கு எது மேல பைத்தியம்? பெற்றோர் நிரப்பக் கூடாது, பிள்ளையே எழுத வேண்டும். போன வருடம் ஒருவன் "பஸ்" என்று எழுதியிருந்தான். எந்தப் பஸ்ஸுக்குக் கரூரில் பாடி கட்டினார்கள், எந்த டெப்போ வண்டி எந்த வழியில் ஓடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மலையில் ஏறி வருகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அரசுப் பஸ்ஸா தனியார் பஸ்ஸா என்று சொல்வான். குகேஷ் என்று எழுதியவர்கள் மூன்று பேர் இருந்ததால் சதுரங்கப் பலகை இன்னும் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.

இந்த வருடம் வந்த படிவங்களில் ஒன்றில் "பாம்பு" என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் சின்னதாக ஒரு படம். மலை முகாமில் பாம்பு என்றாலே எங்களுக்குக் கம்பு, டார்ச், ஷூவை உதறிப்போடு என்கிற எச்சரிக்கைதான். அந்தப் பையன் வருவதற்குள் நான் கொஞ்சம் படித்தாக வேண்டும். 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளிடமிருந்து விஷம் எடுத்துக் கொடுக்கிறது, அதிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அங்கிருந்து வந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் இப்போது படங்களை வைத்துக்கொண்டு கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் பிரித்துச் சொல்லப் பழகுகிறேன். வரையனுக்கு விஷமில்லை, ஆனால் பார்க்க அப்படியே கட்டுவிரியன் மாதிரி இருக்கும். கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை தலையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும், வாலை நோக்கித் தெளிவாகிக்கொண்டே போகும். வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். முதல்நாள் சாயங்காலம் அவன் என்னிடம் கேட்கப்போவது இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.